காலி வண்டி

மூன்றாம் கியரில் வந்துகொண்டிருந்தபோது
உள்ளே ஏதோ இரும்பை மென்றது.
ஓரங்கட்டினேன். பாமணி ஆற்றங்கரை.
கூரைமேல் அறுபது வாளி, இருபது குடம்,
கட்டிய கட்டுக்குள் அசையாமல்.

"இன்ஜின் புடிச்சுக்கிச்சு" என்றார் வைரக்கண்ணு,
ஆயில் குச்சியைத் துடைத்துக்கொண்டே
சாவு வீட்டில் பேசும் குரலில்.
இங்கே பிரித்தால் முப்பதாயிரம், கையில் வைக்கணும்.
ஆத்தூரில் மச்சான் பட்டறை இருக்கிறது.
கடனுக்குப் பிரிப்பான்,
திட்டிக்கொண்டே பிரிப்பான்.
நடுவில் இருநூறு கிலோமீட்டர்.

தூக்கிப்போகிற வண்டிக்காரனுக்குப் போன் போட்டேன்.
கிலோமீட்டருக்கு முப்பது.
"போக இருநூறு. நான் சும்மா திரும்பி வரணும்ல,
அதுக்கு ஒரு இருநூறு."
பன்னிரண்டாயிரம்.
அதில் பாதி
என் வண்டி போவதற்கு இல்லை,
அவன் வண்டி காலியாக வருவதற்கு.

மன்னார்குடியில் நைலான் கயிறு வாங்கினேன்,
கட்டைவிரல் பருமன், நானூற்றைம்பது.
டிராக்டரில் கட்டி இழுக்கலாமே என்றேன்.
வைரக்கண்ணு சிரிக்கவில்லை.
இன்ஜின் செத்தால் பிரேக்கும் பாதி செத்தது தம்பி,
முன்னால போறவன் நின்னா
நீ அவன் முதுகுலதான் நிப்ப.

இரண்டு ராத்திரி வாளிகளுக்குக் கீழே தூங்கினேன்.
கண்ணாடியில் தைப்பனி வழிந்தது.
தூரத்தில் நெல் ஏற்றிய கூட்ஸ் போனது,
நாற்பத்திரண்டு பெட்டி.
கடைசிப் பெட்டியின் ஒரு மூலை
எனக்குப் போதும்.

மூன்றாம் நாள் விடியலில்
அறுவடை மெஷினைச் சுமந்து ஒரு லாரி வந்து நின்றது.
கதவில் பெயிண்டில்: ஆத்தூர்.
அந்த மூன்றெழுத்தை நான்
அப்படி வாசித்ததே இல்லை.
மெஷின் உறுமிக்கொண்டு வயலுக்குள் இறங்கியது,
மாசி முடிய அது இங்கேதான்.
லாரி இன்றே திரும்புகிறது.
டிரைவர் அர்த்தனாரி பல் விளக்கிக்கொண்டிருந்தார்.
நுரையோடு சொன்னார்:
"மூவாயிரம். அப்புறம் ரெண்டு வாளி.
மூடி போட்டது."

ஏற்ற கிரேன் கிடையாது. கரை இருந்தது.
வயல் பள்ளத்தில் லாரியைப் பின்னால் விட்டு
முட்டுகிற வரை ஒட்டினார்.
தளமும் கரையும் ஒரே மட்டம்.
ஏழு பேர் தள்ளினோம். என் வண்டி
மண்ணிலிருந்து பலகைக்குப் போனது,
அடுத்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி.
கியரில் போட்டு, கைபிரேக் இழுத்து,
சக்கரம் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் செங்கல்.
நாலு மூலைக்கும் குறுக்கே சங்கிலி, அவருடையது.
என் கயிறு பிரிக்காத சுருளாய்ப் பக்கத்து சீட்டில்.

கேபினில் க்ளீனரும் அவன் தூக்கமும்.
நான் என் ஸ்டீயரிங் முன்னாலேயே உட்கார்ந்தேன்.
வேகத்தடை வரும்போதெல்லாம்
கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது.
ஒரு ஆட்டுக்கு ஹாரன்கூட அடித்தேன்.
அர்த்தனாரி வெளியே தலை நீட்டி
என்னை முறைத்தார்.

நீடாமங்கலத்தில் கேட் சாத்தியிருந்தது.
கீழே டி.வி.எஸ்ஸில் ஒரு பெண்,
அண்ணாந்து கேட்டாள்:
"அந்தப் பச்சை வாளி எவ்ளோ?"
இருநூற்றுப் பத்து.
"நூத்தியெண்பது."
சரி என்றேன், கேட் எப்போது திறக்கும் என்று யாருக்குத் தெரியும்.
புதுக் கயிற்றில் கட்டி
மெதுவாக இறக்கினேன்.
அவிழ்த்துக்கொண்டு, முடிச்சில்
இரண்டு நூறு ரூபாய்த் தாள்களைச் செருகினாள்.
இழுத்தேன்.
அந்தக் கயிறு இழுத்தது அவ்வளவுதான்.

சில்லறை தேடுவதற்குள் கேட் தூக்கிவிட்டான்.
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இரைச்சல்.
"இருபது ரூபா!" என்று கத்தினேன்.
வாளியை மடியில் வைத்தபடி அவள் கை காட்டினாள்,
போ என்றா, நில் என்றா.
லாரி தண்டவாளத்தில் குலுங்கியது.
என் கால் பிரேக்கின் மேல் இருந்தது.